சுத்தமாக வந்த ஸ்பாஞ்ச்

1

இந்தக் கதை ஒரு ஸ்பாஞ்சிலிருந்து வந்தது. பெரிய எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வருமாம், ரயில் ஜன்னலில் வருமாம். எனக்குக் குளியலறை வாளியில் வந்தது. இருப்பதை வைத்துத்தானே எழுத முடியும்.

என் சித்தி சினிமாவில் மேக்கப் போடுகிறவள். எனக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு, அவள் வீட்டுக்குக் கொண்டுவருகிற ஸ்பாஞ்சுகளைக் கழுவிக் காயப்போடுவது. ஷூட்டிங் நடக்கும் இடத்தை நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்குப் புது ஆள் வந்தால் பாத்திரம் தேய்க்கப் போய்விடுகிற ரகம் நான். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்திருக்கிறேன். ஆகவே இனி வரும் ஷூட்டிங் காட்சிகளில் பாதி, சித்தி சாப்பிடும்போது சொன்னது. மீதி, அவள் மென்று விழுங்கியதை நான் நிரப்பியது. எது எது என்று கேட்காதீர்கள். எனக்கே குழம்பிவிட்டது.

சித்தியின் பையில் இரண்டு உறைகள் இருக்கும். காலையில் பயன்படுத்திய ஸ்பாஞ்ச் ஒன்றில், மாலையில் பயன்படுத்தியது இன்னொன்றில். காலையில் மேக்கப் போடுவார்கள், மாலையில் கலைப்பார்கள். அப்படியென்றால் காலை ஸ்பாஞ்ச்தான் அழுக்காக இருக்க வேண்டும். மாலையில் துணியே போதும். இப்போது சித்தி வேலை செய்கிற படம் தொடங்கிய மறுநாளிலிருந்து எல்லாம் தலைகீழ். காலை ஸ்பாஞ்சைப் பிழிந்தால் நிறமே இல்லாத வெறும் தண்ணீர் வந்தது. மாலை ஸ்பாஞ்சிலோ சந்தன நிறம் வழிந்தது.

கேட்கலாம் என்று பல நாள் வாயைத் திறந்து திறந்து மூடினேன். கடைசியில் சித்தியே, "என்னடி, தொட்டி மீன் மாதிரி?" என்று கேட்டுவிட்டு, சொல்லவும் ஆரம்பித்தாள்.

2

நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'தூசி படிந்த மாளிகையில், கனத்த திரைச்சீலைகளுக்குப் பின்னால், ஒரு காலத்தில் நாடே கொண்டாடிய கனவுக்கன்னி தன் பழைய படங்களைத் தானே பார்த்துக்கொண்டு

வேண்டாம். சித்தி சொன்ன நடிகை இருப்பது லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில். திரைச்சீலை பிளாஸ்டிக். டிவியில் தன் பழைய படம் வந்தால், அழுகிற காட்சிக்குச் சற்று முன்பாக எழுந்து குக்கரை அணைக்கப் போய்விடுவாராம்.

'கண்ணாடி பொய் சொல்வதில்லை. அது

சொல்லும். பக்கத்தில் எத்தனை பல்பு எரிகிறது என்பதைப் பொறுத்தது. (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எழுத்தாளர்கள் இப்படி முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். எனக்கு நீங்கள் மறந்துவிடுவீர்கள் என்று பயம்.)

'ஒரு இளம் இயக்குநர் மூச்சு வாங்க மாடி ஏறினார்.'

இது போதும். இதில் உவமை எதுவும் இல்லை.

3

ஒரு இளம் இயக்குநர் மூச்சு வாங்க மாடி ஏறினார். புகழ் மங்கிய ஒரு நடிகையைப் பற்றிய படம் எடுக்கப்போகிறார். கதையில் அந்த நடிகைக்கு அறுபது வயது. அவர் போய்க் கதவு தட்டிய நாயகிக்கு எழுபது தாண்டிவிட்டது. (நாயகி என்றே எழுதுகிறேன். 'முன்னாள்' சேர்த்தால் அவருக்குப் பிடிக்காது.)

நாயகி கதையைக் கேட்டார். பிடித்திருக்கிறது என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"கிழவி மேக்கப் நல்லாப் போடணும் தம்பி. என் மூஞ்சிய இப்படியே காட்டினா எவன் நம்புவான்?"

இயக்குநர் சிரித்தார். நாயகி சிரிக்கவில்லை. இயக்குநர் தன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

மேக்கப்புக்கு என் சித்திதான் வேண்டும் என்று நாயகியே கேட்டிருக்கிறார். அவர் கடைசியாக நாயகியாக நடித்த படத்தில் சித்திதான் டச்சப் செய்தவள். இந்தப் படத்துக்கு முன்னால் பல காலமாகச் சித்தியை யாரும் கூப்பிடுவதில்லை. போன் அடித்தால் கேஸ் கம்பெனியாகத்தான் இருக்கும். ஆக, இந்தப் படம் அவளுக்குச் சாமி வரம்.

முதல் நாள் சித்தி சிரத்தையாகச் சுருக்கம் வரைந்தாள். இருக்கிற சுருக்கத்தின் மேல் வரைந்த சுருக்கம். இயக்குநர் பார்த்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அவங்களுக்கே பாட்டி மாதிரி இருக்கு, எதுவும் போடாதீங்க. ஆனா போடுங்க" என்றார்.

மறுநாளிலிருந்து சித்தி எதுவும் போடாமல் போட்டாள். நாயகி கண்ணை மூடி உட்காருவார். ஈர ஸ்பாஞ்சை முகம் முழுக்க ஒற்றி, காய்ந்த பிரஷ்ஷால் கோடு இழுத்து, "கன்னத்துல கோடு போடுறேம்மா, சிரிச்சிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரத்தை ஓட்டுவாள். மாலையில் கோல்டு க்ரீம் தடவித் 'துடைத்த' பிறகு, தோலுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி மெல்லிசாக ஃபவுண்டேஷன், புருவத்துக்குக் கொஞ்சம், உதட்டுக்குக் கொஞ்சம். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பல்புகளில் பாதியை அணைத்துவிட்டு, "பாருங்கம்மா" என்பாள்.

"ம்... இப்பத்தான் நான் நானா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நாயகி வீட்டுக்குப் போவார்.

கேமரா முன்னால் வெறும் முகம். வீட்டுக்குப் போகும்போது மேக்கப். இப்படி ஒரு படம் முக்கால்வாசி வளர்ந்துவிட்டது.*

* 'பாசத்தால் செய்தாள்' என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன். விஷயம் தெரிந்தால் நாயகி எழுந்து போய்விடுவார். படம் நிற்கும். சித்தியை இன்னொரு படம் தேடி வராது. பயத்தால்தான் செய்தாள். பாசம் பிறகு வந்தது, சொல்லாமல் வந்து எழுந்து போகாத விருந்தாளி மாதிரி.

4

இயக்குநருக்குக் கடைசிக் காட்சியில் மிகவும் பெருமை. (எனக்குப் புரிகிறது. இந்தப் பகுதி வரை வந்ததில் எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.) கதையில் வரும் நடிகை தன் பழைய நாயகி ஒப்பனையோடு கண்ணாடி முன் உட்கார்ந்து, ஒரே ஷாட்டில், வெட்டாமல், எல்லாவற்றையும் துடைத்தெடுக்க வேண்டும்.

படித்துக் காட்டியதும் நாயகி பரிதாபமாகப் பார்த்தாராம்.

"யோசிச்சீங்களா தம்பி? மேக்கப்பைத் துடைச்சா என் நிஜ மூஞ்சி வந்துடும். கதையே கெட்டுடுமே."

இயக்குநர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சித்தியிடம் வந்தார்.

"அக்கா, நீங்கதான் பக்குவமா சொல்லணும்."

"நீங்க எழுதுன சீன், நீங்களே சொல்லுங்க."

"என்னை அடிச்சிடுவாங்கக்கா."

"என்னை மட்டும் மடியில வச்சுக் கொஞ்சுவாங்களா?"

கடைசியில் சித்தி உள்ளே போய் வேறொன்றைச் சொன்னாள். முதலில் கிழவி மேக்கப் போட்டுவிடலாம். அதன் மேல் நாயகி மேக்கப். துடைக்கும்போது மேலே உள்ளது மட்டும் போகும், கிழவி மேக்கப் அப்படியே நிற்கும். நாயகிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "இதுக்குத்தான்டி உன்னை வேணும்னு கேட்டேன்" என்றார்.

அந்தக் காட்சி எடுத்த நாள் காலை. முதல் அடுக்கு, அதாவது ஒன்றுமில்லை, பூசப்படுகிறது. கண்ணை மூடியிருந்த நாயகி சொன்னார்:

"தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்குடி."

அந்த அறையில் ஏசி எவ்வளவு மோசமாகக் குளிர்கிறது என்பதற்கு உதாரணமாகச் சித்தி இதைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டாள். அவர் தண்ணி என்றல்லவா சொல்லியிருக்கிறார். கலர் என்று சொல்லவில்லை.

தெரியுமா அவருக்கு? எப்போதிலிருந்து? இதுவரை எனக்குச் சௌகரியமான ஒரு பாத்திரம் இருந்தது: தன் வயது தெரியாத அசட்டு நாயகி. நீங்களும் நானும் சேர்ந்து நமுட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு வந்தோம். இப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்மைப் பார்க்கிறார்.

5

ஷாட்.

மேக்கப் அறைப் பல்புகள் சித்தியின் ராஜ்ஜியம். செட்டில் இருக்கும் கண்ணாடிப் பல்புகள் லைட்மேனுடையவை. அத்தனையும் எரிந்தன. அணைக்க முடியாது.

நாயகி துடைத்தார். உதடு, பிறகு இமை, பிறகு கன்னம். 'நிலவை மூடிய மேகம் மெல்ல

இல்லை. விருந்தாளிகள் போன பிறகு சாப்பாட்டு மேசையைத் துடைப்பது போல, மூலை விடாமல், அவசரமில்லாமல். முகம் வந்தது. இயக்குநர் 'கட்' சொல்ல மறந்துவிட்டார். ஷாட் நேரத்தில் தூங்குவதற்குப் பேர்போன லைட்மேன் விழித்திருந்தார்.

பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். நாயகி அவர்கள் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியையே பார்த்தார். பிறகு முகத்தைச் சித்தியிடம் நீட்டினார்.

"சரி, இப்ப இதையும் எடுத்து விடுடி."

சித்தியின் கையில் கோல்டு க்ரீம் டப்பா. எடுப்பதற்கு அந்த முகத்தில் எதுவும் இல்லை.

6

முடிவு அ: சித்தி உண்மையைச் சொல்கிறாள். நாயகி அலறி, கண்ணாடியை உடைத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். (இதை எழுதும்போதே பின்னணியில் வயலின் கேட்டது. கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: நாயகிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். வெறும் முகத்தோடு நடித்தால் மேக்கப் போட ஆள் எதற்கு? வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பழைய டச்சப் பெண்ணுக்காகவே கிழவி மேக்கப் கேட்டு அடம்பிடித்தார். (இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. இவ்வளவு இனிப்பாக எழுதினால் பக்கத்தில் எறும்பு வரும்.)

முடிவு இ: தெரியும், ஆனாலும் மாலை நேரத்துப் பாதிப் பல்பு அவருக்கும் வேண்டியிருந்தது. (இதை எழுதிவிட்டு எழுந்து போய், தேய்த்த பாத்திரத்தை மறுபடி தேய்த்தேன்.)

7

இன்று சித்தி சாயங்காலமே வந்துவிட்டாள். பையைக் குளியலறையில் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே, 'இதையும் எடுத்து விடுடி' வரை சொல்லி நிறுத்திக்கொண்டாள். நான்தான் கேட்டேன். ஆமாம், நானாகவே.

"எடுத்தியா சித்தி?"

"எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன்."

"எதை?"

சித்தி என்னைப் பார்த்தாள். "நாளைக்கு அவங்க வீட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஸ்பாஞ்சைக் காயப்போட்டு வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

படம் முடிந்துவிட்டது. இனி அந்த வீட்டில் மேக்கப் பெட்டிக்கு என்ன வேலை?

மாலை உறை என் கையில் இருக்கிறது. உள்ளே இருப்பதில் நிறம் இல்லையென்றால், சித்தி வெறும் க்ரீமைத் தடவித் துடைத்து, அந்த வெளிச்சத்தில் அவரை அவருக்கே காட்டியிருக்கிறாள். நிறம் இருந்தால், அத்தனை பல்புக்கும் அடியில், அத்தனை பேர் முன்னால், மறுபடியும் ஒரு முறை பூசிவிட்டிருக்கிறாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறார்கள். வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருக்கிறது. ஈரம் இரண்டுக்கும் பொருந்துகிறது.

விடிவதற்குள் காய வேண்டும். ஆகவே கழுவித்தான் ஆக வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு பிழியப்போகிறேன். தண்ணீர் என்ன நிறத்தில் போகிறது என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொல்ல வேண்டாம்.