கியோவின் தோட்டத்தில் விழ மறுத்த பனி

அந்த ஆண்டு நவம்பர் ஏழாம் தேதியிலிருந்து நாகாஃபுரானோ என்ற பனி ஊரில் ஓகாவாரா கியோவின் மனையில் மட்டும் பனி விழுவது நின்றுபோனது. தெருவில் இடுப்பளவு கிடந்தது. அவள் வேலிக்குள் ஒரு பிடிகூட இல்லை. நேராக இறங்கிவரும் பனி அவள் வேலியைக் கண்டதும் ஒதுங்கி, பக்கத்து வீட்டுத் தோகுஜியின் கூரையில் போய் விழுந்தது. ஊர்க்காரர்கள் இரண்டு நாள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவரவர் வாசல் பனியைத் தள்ளவே நேரம் போதவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரில் தன் வாசல் பனியை அடுத்தவர் மனையில் தள்ளுவது திருட்டைவிடக் கேவலம். கியோ அதிலும் ஒரு படி மேலே. ஒரு மண்வெட்டிப் பனி வேலி தாண்டினாலும் தெரு அதிர ஏசுவாள். மனிதர் என்றாலே அவளுக்குக் குமட்டல். புருஷனின் காலுறை நாற்றம் தாங்காமல் அவனைத் தனி அறைக்கு அனுப்பினாள்; அவன் அங்கிருந்து அஸாஹிகாவா நகரத்துக்கு வேலைக்குப் போய், திரும்பவே இல்லை. அந்த ஏழாம் தேதி தோகுஜியின் மண்வெட்டி தவறி, கொஞ்சம் பனி வேலி தாண்டிவிட்டது. "உங்க அழுக்குப் பனி இனிமே ஒரு துளிகூட என் மண்ணுல விழக் கூடாது!" என்று கத்தினாள். தோகுஜி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பனி போட்டுக்கொண்டது.

நஷ்டம் அவளுக்குத்தான். தோட்டத்தில் அறுபத்திரண்டு லாவெண்டர் புதர்கள் இருந்தன. தைலக் கம்பெனி பூ வாங்குவதை நிறுத்தியபோது ஊரே செடிகளை உழுது புதைத்துவிட்டு வெங்காயம் போட்டது. அவள் மட்டும் விடவில்லை. உலகத்தில் அவள் மூக்கைச் சுளிக்காமல் முகர்ந்தது அது ஒன்றைத்தான். பனிப் பாரத்தில் கிளை பிளக்காதபடி ஒவ்வொரு புதரையும் வைக்கோல் கயிற்றால் கட்டியிருந்தாள். கயிறு கட்டுமே தவிர, குளிரைத் தடுக்காது. மேலே பனி மூடிக் கிடந்தால் செடி வசந்தம்வரை நிம்மதியாகத் தூங்கும். மொட்டையாக நின்றால் ஜனவரிக் காற்று அதை விறகாக்கிவிடும். வைக்கோல் போர்த்தினாள், எலி வந்து குடும்பம் நடத்தியது. பிளாஸ்டிக் விரித்தாள், உள்ளே பூஞ்சை பிடித்து வழுவழுவென்று அழுகியது. டிசம்பர் நடுவில் மூன்று புதர்கள் செத்துப்போயின.

தெருச் சங்கக் கூட்டத்துக்குக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு போனாள். "எல்லாரும் உங்க பனிய என் தோட்டத்துல கொட்டுங்க" என்றாள்.

தோகுஜி காய்ந்த கணவாய் மீனை மென்றபடி கேட்டான். "அழுக்குப் பனிதான் இருக்கு. பரவால்லயா அக்கா?"

"கொட்டித் தொலைங்கய்யா."

கையால் கொட்டிய பனி ஒதுங்காமல் ஒழுங்காகக் கிடந்தது. அதோடு சேர்ந்து சிகரெட் துண்டுகள், மஞ்சள் சளி, நாய்ப் பீ, மீன் குடல் எல்லாம் வந்தன. கியோ ஜன்னலில் நின்று ஓங்கரித்துக்கொண்டே புதர்கள் மூடப்படுவதைப் பார்த்தாள். மூன்றாவது வரிசை தோகுஜியின் பங்கு.

ஐம்பத்தொன்பது புதர்களும் பிழைத்தன. ஜூலையில் பூத்தன. நிறம் எப்போதும்போல ஊதாதான்; வாசம்தான் மாறிப்போயிருந்தது. முதல் வரிசையில் சங்கத் தலைவர் இவாதாவின் தலை எண்ணெய் வாடை அடித்தது. மூன்றாவதில் கணவாய், புகையிலை, நனைந்த கம்பளிப் பனியன். கியோ வாய்க்காலில் வாந்தியெடுத்தாள். இரண்டு முறை மண்வெட்டியை ஓங்கினாள். இரண்டு முறையும் கை இறங்கவில்லை. ஊர்க்காரர்கள் வந்து தங்கள் வாடையைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். சிலர் வெட்கப்பட்டு, தினம் இரண்டு வேளை குளிக்கத் தொடங்கினார்கள். பனி அதற்குப் பிறகும் அங்கே விழவில்லை. நவம்பர் வந்தால் அவரவர் வரிசையில் கொட்டிவிட்டு வேலைக்குப் போவது வழக்கமாகிவிட்டது.

நான்காம் ஆண்டு தோகுஜி பக்கவாதத்தில் இறந்தான். அந்த ஜூலையில் அவன் மனைவி ஃபுசா வேலியோரம் வந்து நின்றாள்.

"மூணாவது வரிசையில ஒரு கொத்து தருவீங்களாக்கா?"

கியோ மூக்கைப் பொத்திக்கொண்டு அறுத்துக் கொடுத்தாள். "முப்பது வருஷம் இந்த நாத்தத்தோட எப்பிடித்தான் இருந்தியோ!"

"நாத்தம்னு தோணலக்கா. மனுசன் வீட்டுக்கு வந்துட்டாருன்னு தெரியும், அவ்வளவுதான்."

அவள் போன பிறகு கியோ வரிசை வரிசையாக முகர்ந்துகொண்டே நடந்தாள். தெருவில் உள்ள அத்தனை பேரும் இருந்தார்கள். இவாதாவின் நாய்கூட இருந்தது. கியோ மட்டும் இல்லை. அவள் மனையில்தான் அள்ளிக் கொட்டப் பனியே விழவில்லையே.

அடுத்த ஜனவரியில் ஒரு காலை, தெருமுனைப் பனிக்குவியலில் ஒரு மண்வெட்டி அள்ளினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். தொண்டையைக் காறி அதில் துப்பினாள். தன்மேலேயே அருவருப்புப் பொங்க, அதைக் கொண்டுபோய்க் கடைசிப் புதரில் கொட்டினாள்.

ஜூலையில் அந்தப் புதரில் வலிப் பிளாஸ்திரி, முள்ளங்கி ஊறுகாய், வெயில் காட்டாத மெத்தை எல்லாம் சேர்ந்து வீசியது. "சீ, கருமம்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒரு கொத்து அறுத்துக் கட்டி, பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"இந்தா ஃபுசா. இதையும் எங்கயாவது தொங்க விடு."

ஃபுசா முகர்ந்து பார்த்தாள். யாருடையது என்று கேட்கவில்லை. ஆணியில் கொத்தாகத் தொங்கிய தோகுஜியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, பக்கத்தில் மாட்டினாள்.