நாலாம் நம்பர் பெட்டி

கல்லூரித் தோட்டத்துக்குள் நுழையும்போதே தாயம்மாவுக்குப் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. பெரும்பாக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி அடையாறு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. வேலியோரக் குழியில் நாலாம் நம்பர் தேன்பெட்டி கரிக்கட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் விலங்கியல் பேராசிரியர் எரிக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

நாலு வருஷமாக இந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்.

"இன்னா சார் பண்ணி வச்சிக்கிறீங்க?"

"உண்ணி, தாயம்மா. பலகையைப் பார்த்தீங்கள்ல? ஒரே வாரத்துல அறுபத்தெட்டு விழுந்திருக்கு. விட்டா மத்த பெட்டிக்கும் பரவிடும்."

பார்க்காமலா! அந்தப் பலகைகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவி ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் சொருகுகிறவளே அவள்தானே. தேனீ மேல் ஒட்டி உறிஞ்சும் உண்ணி கடுகை விடச் சின்னது. கீழே விழுந்தால் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமைதோறும் அவற்றை எண்ணி, பெட்டி மூடியில் சாக்பீஸால் எழுதி வைப்பாள். சார் வருவார், எண்ணைப் பார்ப்பார், போய்விடுவார். மூடியைத் திறந்தால் சட்டையில் தேன் ஒட்டிவிடுமே!

திறந்திருந்தால் தெரிந்திருக்கும். நாலாம் பெட்டியில் உண்ணி ஏறிய தேனீ உடம்பை உதறி ஆடும். உடனே கூட இருப்பவை ரெண்டு மூன்று ஓடி வந்து, இறக்கை இடுக்கெல்லாம் தேடிக் கடித்து இழுத்துப் போடும். அப்படி இழுத்துப் போட்டதுதான் அந்த அறுபத்தெட்டும். ஒழுங்காக வேலை செய்ததற்குத் தீ வைத்துவிட்டார் மனுஷர். ஆற்றங்கரையில் அவள் வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்குத் துரத்தியபோதும் இதே நியாயம்தான். ஊர்க் குப்பையை அள்ளிய ஜனங்களைப் பார்த்து, ஆறு நாறுவதே உங்களால்தான் என்றார்கள்.

"அதுங்களே கடிச்சித் தள்ளுன உண்ணி சார் அது! வெள்ளிக்கெழமையே சொல்ல வந்தேன். நீங்க போன் பேசிக்கினே கையக் காட்டிட்டுப் போய்ட்டீங்க."

"சும்மா கத்தாதீங்க. ரெண்டாம் நம்பரைப் பாருங்க, பலகை எவ்வளவு சுத்தம்! ஆறு புதுப் பெட்டிக்கும் அதுலேர்ந்துதான் தேனீயைப் பிரிச்சு வைக்கப் போறேன்."

தாயம்மா வேலியில் சாய்த்திருந்த நாலாம் நம்பர் பலகையை எடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த லென்ஸோடு அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். எரிக் குனிந்து பார்த்தார். ஒரு உண்ணிக்கு ரெண்டு காலைக் காணோம். இன்னொன்றுக்கு ஓடே நசுங்கியிருந்தது. அடுத்ததற்கு ஒரு பக்கமே இல்லை. அவர் லென்ஸை நகர்த்திக்கொண்டே போனார். முகம் வெளுத்தது.

"முன்னாடியே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே, தாயம்மா..."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின. விறுவிறுவென்று போய் ரெண்டாம் பெட்டியின் மூடியைத் தூக்கி வீசினாள். புறங்கையில் ரெண்டு கொட்டு விழுந்ததை அவள் சட்டை செய்யவில்லை. அடை கட்டிய மரச்சட்டம் ஒன்றை உருவிக்கொண்டு வந்து அவர் கண்ணெதிரே பிடித்தாள்.

தேனீக்கள் சட்டத்தின் மேல் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. முதுகுக்கு முதுகு செம்பழுப்பாக உண்ணி ஒட்டியிருந்தது. ஒன்றுகூட உதறவில்லை. ஒன்றை ஒன்று திரும்பியும் பார்க்கவில்லை.

தாயம்மா சாக்பீஸை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"இப்ப எண்ணுங்க சார்."