உடையாத முத்திரை

சந்தேகம் என் கூடவே பிறந்தது. காய்கறிக்காரர் தராசைத் தொட்டால் நான் அவர் விரலைத்தான் பார்ப்பேன். அப்படிப்பட்டவளுக்கு ஆய்வுக்கூடத்தில் வாய்த்த வேலை, எலி இதயத்தின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் வைத்துப் புதிதாக முளைத்த ரத்தக்குழாய்களை எண்ணுவது.

நாற்பது எலிகளுக்கு மாரடைப்பு உண்டாக்கியிருந்தார்கள். பாதிக்கு ஒரு வேரின் சாறு, மீதிக்கு வெறும் தண்ணீர். எது எதுவென்று எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாது. கண்ணாடித் தகட்டில் எண் மட்டும் இருக்கும், விவரம் முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும். நான் முடித்ததும் உறையைப் பிரித்தார்கள். சாறு குடித்த இதயங்களில் குழாய்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வாய் சும்மா இருந்ததா? அன்று மாலையே அண்ணனிடம் உளறிவிட்டேன். நான்கு மாதம் முன்பு மாரடைப்பு வந்தவர், பைபாஸுக்கு நாள் குறித்திருந்தார்கள். மறுநாள் அண்ணி போன் செய்தாள்.

"உங்கண்ணன் ஆபரேஷன் வேண்டாம்னுட்டாரு. 'என் தங்கச்சியே எண்ணிப் பாத்திருக்கா, அந்த மருந்து வரட்டும், அதுவரைக்கும் நெஞ்சைக் கிழிக்க விடமாட்டேன்'ங்கிறாரு. நீயாவது சொல்லேன்!"

சொன்னேன். மருந்து மனிதனுக்கு வர வருஷக்கணக்காகும் என்றேன். "அப்போ நீ சொன்னது பொய்யா?" என்று கேட்டார். பொய் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் இவ்வளவு நல்ல சேதி சும்மா வராது என்று துருவ ஆரம்பித்தேன்.

முதல் சந்தேகம் வேரம்மா மேல். எங்கள் தலைவிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அந்த வேரோடு பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவர், ஆசை கண்ணை மறைத்திருக்கலாம். பிரித்த உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்று எல்லார் முன்னாலும் கிழித்த ஓரம் தவிர வேறு கிழிசல் இல்லை, முத்திரை முழுசாக இருந்தது. அடுத்து எலி அறைக்காரர்.

"எனக்கு வர்றதே நம்பர் போட்ட பாட்டில்தாங்க. எதுக்கு என்னைத் திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?"

கடைசியில், பக்கத்து மேஜை சோடாபுட்டியிடம் சீவல்களின் படங்களை அனுப்பி எண்ணச் சொன்னேன். இரண்டு நாளில் எண்ணிக் கொடுத்தார். இரண்டு பாதிகளுக்கும் வித்தியாசமே இல்லை.

"தூங்கிக்கிட்டே எண்ணினீங்களா?"

அவர் காகிதக் கட்டை என் மேஜையில் போட்டார். "கலர் மை தீந்து போச்சு, கறுப்பு வெள்ளையிலதான் பிரிண்ட் எடுத்தேன். சந்தேகம்னா நீங்களே எண்ணிக்கோங்க தாயே."

எண்ணினேன். எனக்கும் வித்தியாசம் வரவில்லை.

தகடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு வரிசையாக அடுக்கினேன். சாறு குடித்த வரிசையில் லேசான மஞ்சள். வேரின் நிறம் சதையில் தங்கிவிட்டது. நான் எண்ணி முடிக்கும் முன் யாரும் உறையைப் பிரிக்கவில்லை, எனக்கு அது தேவைப்படவும் இல்லை. ஐந்தாறு தகடு தாண்டியதும் என் கண்ணுக்கு எது எதுவென்று தெரிந்துவிட்டிருக்கிறது. மஞ்சளில் இருந்த மங்கல் புள்ளியெல்லாம் குழாய், மற்றதில் அதே புள்ளி வெறும் அழுக்கு. அண்ணன் பிழைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எண்ணியிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

வேரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "மறுபடி எண்ணலாம், கறுப்பு வெள்ளையில. நீ எண்ண வேண்டாம்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

படிக்கட்டில் நின்றே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, ஆபரேஷனைத் தள்ளாதீங்க. அந்தக் கணக்கு தப்பு."

"எவன் பண்ணின தப்பு?"

"நான்தான்."



"சரி, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறேன்," என்றார். பிறகு மெதுவாக, "வேற யார் சொல்லியிருந்தாலும் தள்ளியிருக்க மாட்டேன்மா. எதையும் நம்பாதவ, நீயே நம்பிட்டியேன்னுதான் நானும் நம்பினேன்."