நாற்பது கோட்டுக்கு ஏழு பட்டன்

மாமனாரின் நம்பிக்கைக்கு விலை போட முடியாது என்பார்கள். தாராளமாகப் போடலாம். தையல்கடை மாப்பிள்ளையின் விஷயத்தில் அது இருநூற்று எழுபத்து மூன்று பட்டன்.

கல்யாணமாகி மூன்றாம் மாதமே ஆபீஸ் வேலை போய், மாமனார் கடையில் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். போன மாதம்தான் கடையின் ஆர்டர் நோட்டு அவர் கைக்கு வந்தது. "அந்த நோட்டை அப்பா என் கையிலகூடக் கொடுத்ததில்லைங்க. சொதப்பினீங்க, ஆயுசுக்கும் டேப்புதான்" என்று மனைவி அன்றே சொல்லிவைத்தாள்.

முதல் ஆர்டர், தீயணைப்பு நிலைய வாத்தியக்குழுவுக்கு நாற்பது கோட்டு. மாமனார் தன் வழக்கப்படி ஒரு கோட்டுக்கு ஆவதை அடைப்புக்குறிக்குள் போட்டு, எத்தனை கோட்டு என்பதை வெளியே எழுதியிருந்தார்: 40 (3 மீட்டர் துணி + 7 பட்டன்). பள்ளியில் அல்ஜீப்ராவில் வாங்கிய மதிப்பெண்ணை இன்னும் செலவழிக்காமல் வைத்திருந்த மாப்பிள்ளைக்கு, அடைப்பைக் கண்டதும் கை துறுதுறுத்தது. நாற்பதால் மூன்றைப் பெருக்கினார். பெருக்கிய களைப்பில் அடைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சத்தை அப்படியே இறக்கி எழுதினார்: 120 மீட்டர் துணி + 7 பட்டன்.

"சுருக்கிட்டேன் மாமா."

"சுருக்கமாத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்றார் மாமனார், கண்ணாடியைத் தேடாமலே. படித்தவர் போட்ட கணக்கைச் சரிபார்ப்பது அவமரியாதை என்று அவருக்கு ஓர் எண்ணம்.

துணி வண்டியில் வந்தது. பட்டன் தபால் உறையில் வந்தது. உறையை யாரும் பிரிக்கவில்லை.

கோட்டுகளை வாங்கிப்போக ஆறு மணிக்கு ஜீப் வரவேண்டிய நாளில், மதியம் இரண்டு மணிக்கு, பட்டன் துளைக்குக் காஜா எடுப்பவர் அந்த உறையைக் கவிழ்த்தார். பித்தளைப் பட்டன்கள் மேசையில் உருண்டன. எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"மீதி எங்கண்ணே?" என்றார் மாப்பிள்ளை.

"அதை நீங்கதானே சொல்லணும்? ஆளுக்கு ஒண்ணுன்னாகூட ஏழு பேருக்குத்தான் வருது. மத்தவங்க மாரைப் பிடிச்சுக்கிட்டே வாசிக்கட்டுமா?"

மாப்பிள்ளை நோட்டைப் புரட்டினார். தன் கையெழுத்து தன்னைப் பார்த்துப் பல்லை இளித்தது. நாற்பது கோட்டுக்கும் துணி கொடுத்தவர், பட்டனை ஒரே ஒரு கோட்டுக்குக் கொடுத்திருந்தார். இருநூற்று எண்பதுக்கு இருநூற்று எழுபத்து மூன்று குறைந்தது.

மாமனார் எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது. மருமகனைத் திட்ட வாய் வராமல் மேசைமேல் இருந்த கத்திரிக்கோலைத் திட்டினார். "உனக்கு அறிவிருக்கா? பக்கத்துல இருக்கறவனுக்குப் பெருக்கினியே, அடுத்தவன் என்ன பாவம் பண்ணினான்? ஒரே அடைப்புக்குள்ளதானே ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தாங்க?"

மாமியார் போனை எடுத்துப் பட்டன் வியாபாரியைக் கூப்பிட்டார். "அண்ணே, ஏழு பட்டன் கேட்டுச் சீட்டு வந்தப்ப உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"வந்துச்சும்மா. பொம்மைக்குக் கோட்டு தைக்கிறீங்கன்னு நினைச்சேன்" என்றார் பட்டன் வியாபாரி. ஒரு அட்டைக்கு ஆறு பட்டன், கையிருப்பு நாற்பதே அட்டை, அவசரம் என்பதால் விலையும் ஒன்றரை மடங்கு என்றார்.

"ஒன்றரையா? இந்த ஊர்ல வேற யாரு பித்தளைப் பட்டன் போட்டுக்கிட்டு வாத்தியம் வாசிக்கிறாங்க, நீங்க அவங்களுக்கு விக்கறதுக்கு? பழைய விலைக்குக் குடுங்க. இல்லைன்னா அட்டையோட வச்சு அழகு பாருங்க." வியாபாரி பழைய விலைக்கே அனுப்புவதாகச் சொன்னார்.

இருநூற்று நாற்பது. கையில் ஏழு. இன்னும் முப்பத்து மூன்று வேண்டும். மணி மூன்று.

"போட்டுப் பாருங்க மாப்பிள்ளை" என்று மாமனார் ஒரு கோட்டை நீட்டினார், வேறெதற்கும் உதவாதவர் பொம்மையாகவாவது நிற்கட்டும் என்கிற குரலில். மாப்பிள்ளை போட்டு, சீருடையோடு போகும் அகலமான பெல்ட்டையும் கட்டி, கண்ணாடி முன் நின்றார். ஆறு காஜா தெரிந்தது. ஏழாவதைத் தேடினார். பெல்ட்டைத் தூக்கினார், இருந்தது. இறக்கினார், இல்லை.

"மாமா! கீழ் பட்டன் பெல்ட்டுக்கு அடியில போயிடுது. மேல ஆறு பித்தளை, உள்ள ஏதோ ஒண்ணு. நாற்பது பெருக்கல் அடைப்புக்குள்ள ஆறு கூட்டல் ஒண்ணு!"

"இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் உண்டா?"

"ரெண்டு பேருக்கும் உண்டு மாமா. இருநூத்தி நாற்பது, அப்புறம் நாற்பது. அதுல ஏழு கையில இருக்கு."

காஜாவுக்குள் நிற்காத சின்னப் பட்டனாக இருந்தாலும் மேலோடு தைத்துவிட்டால் போதும் என்றார் காஜா எடுப்பவர். மனைவி வீட்டுக்குப் பறந்தாள். பையோடு திரும்பியவள் புருஷனின் முகத்தைப் பார்க்காமல், பிய்த்து வந்த பட்டன்களைக் கொட்டினாள். அதில் அவருடைய நல்ல சட்டை இரண்டின் பட்டனும் அடக்கம். எண்ணினால் முப்பத்திரண்டு.

"ஒரு சட்டையில ஒண்ணு ஏற்கெனவே இல்லைங்க. நான் என்ன பண்றது?"

மாமனார் தன் கழுத்துப் பட்டனைப் பிய்த்து மேசையில் வைத்தார்.

அட்டைகள் வந்து சேர்ந்ததும் எல்லாரும் ஊசியோடு உட்கார்ந்து தைத்து முடித்தார்கள். ஆறு மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி ஒரு கோட்டை வெளிச்சத்தில் பிடித்து, பட்டன் பளபளப்பு பிரமாதம் என்றார். ஜீப் தெருமுனை திரும்பும்வரை யாரும் மூச்சு விடவில்லை. பிறகு மாமனார் ஆர்டர் நோட்டை எடுத்தார், பூட்டி வைக்கப்போகிறார் என்று மாப்பிள்ளை தலையைத் தொங்கப்போட்டார். நோட்டு அவர் மடியில் வந்து விழுந்தது. கூடவே பேனாவும்.

"எழுதுங்க மாப்பிள்ளை. சுருக்காம எழுதுங்க."

எழுதினார்:

அட்டை நாற்பது – 240
தபால் உறை – 7
பழைய ரெயின்கோட் – 6
தலையணை உறைகள் – 8
மனைவியின் ஸ்வெட்டர் – 5
என் சட்டை இரண்டு – 13
மாமாவின் கழுத்து – 1
ஆக 280. கணக்கு நேர்.