பாலிக் புலாவ் போகும் வழி

சுந்தரி பினாங்கு போகிறாள் என்ற செய்தி ஆக்லாந்தின் ஏவன்டேல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், கீரைக்கட்டு ஒன்றை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிளாராவின் காதில் விழுந்தது. சொன்னதும் சுந்தரியேதான்.

“கிளாரா, உங்க ஊருக்குப் போறேன்டி. மெட்ராஸ் போற டிக்கெட், கோலாலம்பூர் வழியாப் போட்டிருக்கு. நடுவுல நாலு நாள் பினாங்கு. இவரு டாக்சியே வேணாங்கறாரு. பஸ்ல போனாத்தான் ஊரு தெரியுமாம். நீ எழுதிக் குடுத்துடேன், எங்க ஏறணும் எங்க இறங்கணும்னு.”

“அதுக்கென்னக்கா, எழுதித் தரேன்” என்றாள் கிளாரா. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோதுதான், அந்தக் கீரைக்கட்டை விரல் பதியுமளவுக்கு நசுக்கி வைத்திருந்தது தெரிந்தது.

ஆக்லாந்துக்கு வந்த புதிதில் கிளாராவும் அவள் கணவன் கிளமென்டும் சுந்தரி வீட்டுப் பின்புறத்து ஒற்றை அறையில்தான் குடியிருந்தார்கள். போன் முன்வீட்டில் இருந்தது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்திலிருந்து அண்ணன் ஜெயபாலன் கூப்பிட்டால் சுந்தரி எடுத்துப் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பாள். சுந்தரி வீட்டில் விருந்தென்றால் கிளாரா அடுப்படியில் நிற்பாள். யாரும் நிற்கச் சொன்னதில்லை. நிற்காமல் இருந்துவிடலாம் என்றும் யாரும் சொன்னதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளியை ஒட்டிய ஒரு சனிக்கிழமை. நாற்பது பேருக்குச் சாப்பாடு. மதியம் இரண்டு மணி இருக்கும். கிளாரா பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கூடத்தில் போன் அடித்தது. சுந்தரி எடுத்தாள். சமையலறையிலிருந்து பார்த்தால் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. இரண்டு நிமிடம் பேசினாள், அல்லது கேட்டாள். ரிசீவரை வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, “உருளைக்கிழங்கு பத்துமா பாரு கிளாரா” என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் செய்தியைச் சொன்னாள். கிளாராவின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், உடனே வரச் சொன்னார்களாம். அன்றைய விமானத்தில் இடமில்லை. திங்கட்கிழமைதான் கிடைத்தது. கிளாரா வானத்தில் இருந்தபோது அம்மா போய்விட்டாள். இரண்டு நாளும் வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம். “சனிக்கிழமையே சொல்லிட்டேனே உங்க வீட்டு அக்காகிட்ட” என்றான் ஜெயபாலன். ஆக்லாந்துக்குத் திரும்பி வந்து கிளாரா கேட்டபோது சுந்தரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “லைன்ல ஒரே இரைச்சல்மா. யாரோ தமிழ்ல பேசுறாங்கன்னு தெரிஞ்சுது, ஒரு வார்த்தை புரியல. மறுநாள் உன் அண்ணன் திரும்பப் பண்ணப்பதான் விஷயமே தெரிஞ்சுது.”

கிளாரா தலையாட்டினாள். இரைச்சலை இரண்டு நிமிடம் யார் நின்று கேட்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. அறையைக் காலி செய்தபோதுகூடக் கேட்கவில்லை. கேட்டால் சுந்தரி அழுவாள். அழுதால் தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஆறுதலை மட்டும் அவளுக்குத் தருவதாக இல்லை.

பென்ரோஸில் ஒரு சரக்குக் கிடங்கில் கிளாராவுக்கு இப்போது வேலை. லாரி ஓட்டுபவர்களுக்குத் தினமும் ‘ரன் ஷீட்’ எழுதுவாள்: எந்தத் தெரு முதலில், எங்கே வலப்பக்கம் திரும்பக்கூடாது, எந்தக் கடையின் பின்கதவு எத்தனை மணிக்குத் திறக்கும். அவள் எழுதிய தாளோடு போனவன் வழி தவறியதில்லை. ஒருவன் வழி தவறாமலிருக்க என்னவெல்லாம் எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அப்படியென்றால் வழி தவற என்ன எழுத வேண்டும் என்பதும் தெரியும்.

ஒரு வாரம், சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து எழுதினாள். முதல் நாளை நேர்மையாக எழுதினாள். பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகும்போதுதான் படகில் காசு; திரும்பும்போது வாங்கமாட்டார்கள், யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். டிரைஷா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் ஏறி உட்காருவதற்கு முன்பே கூலி பேசிவிடுங்கள். இரண்டாம் நாளையும் நேர்மையாகவே எழுதினாள். ஆயர் ஈத்தாம் கோயிலுக்குப் பச்சை பஸ். அங்கிருந்து மலை ரயிலடிக்கு இன்னொரு பஸ். சீக்கிரம் போனால் வரிசை இருக்காது. எழுத எழுத ஊர் கண்முன் வந்தது. படகுத்துறையில் நிற்கும் பஸ்களின் டீசல் வாடை, சில்லறையை உள்ளங்கையில் குலுக்கிக்கொண்டே வரும் கண்டக்டர். ஊரை இவ்வளவு கவனமாக அவள் நினைத்துப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. அம்மா போன பிறகு நினைக்கவே இல்லை. இப்போது நினைக்க வைத்தது அன்பு இல்லை என்பது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

மூன்றாம் நாள். தீவைச் சுற்றிவருவது.

‘மஞ்சள் பஸ்ஸில் தீவின் பின்பக்கம் பாலிக் புலாவ் போங்கள். சந்தையில் லக்ஸா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிடுங்கள். அடுத்த பஸ்ஸுக்கு ஊருக்குள் காத்திருக்க வேண்டாம், அங்கே இடம் கிடைக்காது. வடக்கே இரண்டு மைல் நடந்தால், கிராம்புத் தோட்டம் தாண்டி ஒரு முச்சந்தி. நடக்க அழகான பாதை. ஐந்து மணிக்குத் வடகரைத் தெலுக் பஹாங் போகும் பஸ் அங்கே நிற்கும். சில நாள் தாமதமாகும். யாராவது பஸ் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள், டாக்சிக்காரனுக்கு ஆள் பிடிப்பவர்கள். எவ்வளவு நேரமானாலும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பஸ் கட்டாயம் வரும்.’

அவள் ஊரில் இருந்தவரை, மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

கடைசி வரியை எழுதியபோது அவளுக்கு நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. பசித்தவளுக்கு ஊறுவது போல. சுந்தரி தன் பட்டுப்போன்ற கைப்பையை மார்போடு அணைத்தபடி, மலையிறங்கும் இருட்டையும் வராத பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் திரும்புவாள். திரும்பட்டும். பிறகு சுந்தரியின் கணவர் செல்வராஜ் நினைவுக்கு வந்தார். ஆக்லாந்து வந்த முதல் நாள் ஏர்போர்ட்டில் இவர்களுடைய பெட்டியைத் தூக்கிய மனிதர். கொஞ்சம் யோசித்து, ‘செல்வராஜ் அண்ணனுக்கு முழங்கால் வலி இருந்தால் மூன்றாம் நாள் ஹோட்டலிலேயே ஓய்வெடுக்கட்டும்’ என்று ஓரத்தில் சேர்த்தாள்.

வீட்டில் தாளை எடுத்துப் படித்த கிளமென்ட் நிமிர்ந்து, பினாங்குப் பேச்சின் ‘லா’வோடு கேட்டான்.

“அஞ்சு மணிக்கு பஸ்ஸா? அங்க எப்ப லா விட்டான்?”

“புதுசா விட்டிருக்கானாம்.”

“யாரு சொன்னா?”

“சொன்னாங்க.”

அவன் தாளை மடித்து மேசையில் வைத்தான். “மழ காலம் வேற” என்றான். பிறகு, “பசியாறலாம் வா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். தடுத்திருந்தால் அவனோடு சண்டை போட்டிருக்கலாம். தடுக்காததால், செய்வது முழுவதும் தன்னுடையதாகவே இருந்தது அவளுக்கு.

அவர்கள் பினாங்கில் இறங்கிய மூன்றாம் நாள், கிளாரா கிடங்குக் கடிகாரத்தில் நான்கு மணி நேரத்தைக் கழித்துக் கழித்துப் பினாங்கு நேரத்தைப் பார்த்தாள். இப்போது மஞ்சள் பஸ். இப்போது பாலிக் புலாவ். இப்போது லக்ஸா. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சோறு வடித்து, குழம்பைக் கொதிக்கவிட்டபோது அங்கே மூன்றரை, நடக்கத் தொடங்கியிருப்பார்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தபோது வந்த சந்தோஷம், விருந்தாளியை எதிர்பார்க்கும் சந்தோஷம் போலவே இருந்தது.

ஒரு மாதம் கழித்து சுந்தரி ஊரிலிருந்து திரும்பினாள். வெஸ்ட்கேட் பக்கம் கட்டியிருந்த புதுவீட்டுக்கு போட்டோ பார்க்கக் கூப்பிட்டாள். கிளமென்ட் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். வீட்டில் இன்னும் பெயின்ட் வாடை போகவில்லை. செல்வராஜ் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சுந்தரி ஆல்பத்தைப் புரட்டினாள். படகு. கோயில். மலை ரயில். சுந்தரி ஒவ்வொன்றிலும் பல் தெரியச் சிரித்தாள். கிளாரா மூன்றாம் நாளுக்காகக் காத்திருந்தாள். அடுத்த பக்கத்தில் கடற்கரை வந்தது. அதற்கடுத்தது மெட்ராஸ்.

“தீவு சுத்தப் போகலியாக்கா?”

“எங்க? ரெண்டு நாள் பஸ்ல போனதுலயே இவருக்குக் கால் வீங்கிடுச்சு. பீச்சுலயே உக்காந்துட்டோம். ஆனா ஒண்ணு கிளாரா, நீ எழுதினது மாதிரி எந்த புக்லயும் இல்ல. அவ்வளவு கரெக்ட். எனக்கே வீணாப் போகக்கூடாதுன்னு தோணுச்சு. ஹோட்டல்ல ஒரு பொண்ணு, நம்ம நியூசிலாந்து, கிறைஸ்ட்சர்ச் பொண்ணுதான். பத்தொம்பது வயசு, தனியா சுத்துது. அதுகிட்ட குடுத்துட்டேன். மூணாவது நாள் பக்கத்தை மட்டும் இங்கிலீஷ்ல எழுதியே குடுத்தேன்னா பாத்துக்கோயேன். மறுநாள் காலையில அந்தத் தாளோட கிளம்பிப் போனா. அதுக்கப்புறம் நாங்க பாக்கல, ஃபிளைட் இருந்துச்சு.”

கிளாரா டீயைக் கீழே வைத்தாள். தினமும் எழுதுகிற தாள்தானே. ஒருவனுக்கென்று எழுதி வைத்தால் இன்னொருவன் எடுத்துக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறாள். இதை மட்டும் எப்படி நினைக்காமல் போனாள்? முகமில்லாத ஒரு பெண் முதுகுப்பையோடு முச்சந்தியில் நின்றாள். பஸ் இல்லை என்று யாரோ சொல்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே மறுத்துத் தலையாட்டுகிறாள்.

“எல்லாத்தையுமா எழுதிக் குடுத்தீங்க? நம்பாதீங்கன்னு இருந்ததையும்?”

“ஒரு வார்த்தை விடல.”

“அக்கா, அங்க பஸ் கிடையாது.”

“எங்க?”

“அந்த முச்சந்தியில. மூணாவது நாள் நான் எழுதினது பொய். உங்களுக்குன்னு எழுதின பொய்.”

சுந்தரி முதலில் சிரித்தாள். செல்வராஜ் சிரிக்கவில்லை. அவர் கிளாராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன உளர்ற? எதுக்கு அப்படி எழுதணும்?”

“நீங்க அங்க நிக்கணும்னு. வரும் வரும்னு பாத்துக்கிட்டு. எங்கம்மா ரெண்டு நாளு பாத்தாங்களே, அந்த மாதிரி.”

சுந்தரியின் கழுத்தில் சிவப்பு ஏறியது. ஆல்பத்தைப் பட்டென்று மூடினாள்.

“நல்லா இருக்குடி. சோறு போட்டு, இடம் குடுத்து வெச்சிருந்தேன் பாரு. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு உனக்கு?”

“ஒண்ணும் பண்ணல.”

“என்னைக்கோ நடந்தது. நான் என்ன கொலையா பண்ணேன்? வீடு நிறைய ஆளு. அடுப்புல எண்ணெய் காயுது. உன் அண்ணன் என்ன சொன்னாரு, மருந்து ஏத்திட்டு இருக்காங்க, டாக்டர் பாக்குறாருன்னுதானே சொன்னாரு. ஒரு ராத்திரியில என்ன ஆயிடும்னு நினைச்சேன். அது தப்பா?”

தான் என்ன சொன்னோம் என்பது சுந்தரிக்கு உடனே தெரியவில்லை. செல்வராஜின் குரல்தான் தெரிய வைத்தது.

“லைன் சரியில்ல, ஒண்ணும் புரியலன்னுதானே என்கிட்ட சொன்ன?”

சுந்தரி கணவனைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். சமையலறைப் பக்கம் ஓரடி வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

சுந்தரி போக இடமில்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று மூன்று வருடமாக எண்ணிப் பார்த்துவந்தது இதைத்தான் என்று கிளாராவுக்குப் பட்டது. முச்சந்தியைவிட இது நன்றாகவே இருந்தது. அந்தப் பெண்ணுக்குச் செய்ததற்காக வெட்கப்பட வேண்டும். அது வரும், நாளைக்கோ, இன்னும் வீடு போய்ச் சேர்வதற்குள்ளோ வந்துவிடும். வந்தால் போகாது என்பதும் தெரிந்தது. ஆனால் இந்த நேரத்தை அதற்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

“உக்காருங்கக்கா” என்றாள்.

சுந்தரி உட்காரவில்லை. “தெரியாமப் பண்ணிட்டேன் கிளாரா” என்றாள். கண் கலங்கிவிட்டது. கிளாரா எதற்குப் பயந்தாளோ அந்த அழுகை. இப்போது அதைப் பார்த்தும் கை நீளவில்லை.

“அழுவாதீங்க. அழுதா வார்த்தை விட்டுப்போயிரும். எனக்கு எல்லா வார்த்தையும் வேணும். அண்ணன் போன்ல மொதல்ல என்னா சொன்னாரு?”

“இப்ப எதுக்கு அதெல்லாம்…”

“சொல்லு” என்றார் செல்வராஜ், தரையைப் பார்த்தபடி.

சுந்தரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“கிளாரா இருக்காளான்னு கேட்டாரு. வேலையா இருக்கா, என்கிட்ட சொல்லுங்கன்னேன்.”

“நான் பத்தடி தள்ளி இருந்தேன்.”

“ஆமா.”

“அப்புறம்?”

“அம்மாவுக்கு மூச்சு வாங்குது, நேத்து ராத்திரி சேத்தோம்னாரு. நினைவு இருக்கு, உன்னைத்தான் கேக்குறாங்கன்னாரு.”

“என்னான்னு கேட்டாங்களாம்?”

“வந்துட்டாளா, வந்துட்டாளான்னு.”

கிளாரா சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். வெளியே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

“அப்புறம்?”