ஒத்தக்கண்ணன் வரான்

குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை என்றால் ஏதோ விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்க்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் வாயைத் திறக்காது, மீதிப் பாதி திறந்தால் மூடாது. பக்கத்துத் தையல் ஆலையில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள் அவை. அதிலும் சுண்டெலி என்று செல்லமாகக் கூப்பிடப்படும் மூன்று வயதுக்காரி இருந்தாளே, அவள் ஒரு கிண்ணம் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஊட்டுகிறவளுக்குப் பசி எடுத்துவிடும். முதல் வாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருப்பாள்.

அவளையும் சாப்பிட வைக்கத் தெரிந்தவள் ஒரே ஒரு ஆயாதான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டில் பிறந்து, இந்தப் பக்கத்து லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு வந்தவள். வந்து பத்து வருஷமாகியும், எட்டு வயதில் மகள் இருந்தும், தெருவில் அவளுக்கு 'அக்கரைக்காரி' என்றுதான் பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அந்த மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அவளுடைய வித்தை சுலபமானது. குதிகாலால் தரையில் டொக்கு டொக்கு என்று தட்டுவாள். "ஒத்தக்கண்ணன் வரான், குதிரையில வரான்! வாய் காலியா இருக்கற பிள்ளையத்தான் தூக்கிட்டுப் போவான். எங்க, ஆ காட்டு!" என்பாள். அவ்வளவுதான், சுண்டெலியின் வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஆயாவுக்கு அவள் அம்மா இப்படித்தான் ஊட்டினாள். அந்தக் கரையில் குதிரைச் சத்தம் கேட்காமல் சோறு இறங்கிய பிள்ளையே கிடையாது. ஒத்தக்கண்ணன் யார், எவர் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. பூச்சாண்டிக்கு என்ன ஊர், அப்பா பெயர் என்ன என்று யாராவது விசாரிக்கிறார்களா?

இந்தப் பக்கத்தில் தளபதி என்று ஒருவர் உண்டு. நாணயத்தில் இருப்பார், பள்ளிக்கூடச் சுவரில் இருப்பார், நாற்சந்தியில் நிற்பார். எங்கே இருந்தாலும் முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டுதான் இருப்பார். நல்ல மீசை வைத்த பெரிய மனுஷர் என்பதற்கு மேல் அவளுக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. மகளின் பாடப்புத்தகத்தைக் கணவன்தான் சொல்லிக்கொடுப்பான்.

அந்த வருஷம் தளபதி பிறந்து இருநூறு வருஷம் ஆயிற்று. காப்பகங்களிலும் அவர் படம் மாட்ட வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. போரில் போன கண்ணை ஏன் மறைக்க வேண்டும், அதுதானே பெருமை என்று எந்தப் புண்ணியவானுக்கோ தோன்ற, புதுப்படத்தில் முகத்தை நேராக வரைந்திருந்தார்கள். ஒரு கண்ணில் கறுப்புத் தோல் மூடி. கீழே பாயும் குதிரை. கல்வி அதிகாரி வந்தார். தாய்மார்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி திரையை இழுத்தார்.

சுண்டெலி அலறினாள் பாருங்கள், கட்டிடமே அதிர்ந்தது.

"ஒத்தக்கண்ணன்! நான் சாப்ட்டேன்! நான் சாப்ட்டேன்!" என்று வாயை அகலமாகத் திறந்து படத்துக்குக் காட்டினாள். அவளைப் பார்த்து ஒரு பையன் மேஜைக்கு அடியில் புகுந்தான். இன்னொன்று நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டது. அதிகாரி குனிந்து, ரொம்ப இனிமையாக, "யாருடா கண்ணு உனக்கு அப்படிச் சொன்னது?" என்று கேட்டார். எல்லாப் பிஞ்சு விரல்களும் ஒரே பக்கம் நீண்டன.

ஆயா அந்த விரல்களைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளையைப் பெற்றவள், விழுங்குவதற்கு வாயில் ஏதாவது இருக்கிறதா என்று நாக்கால் தேடினாள். பேய்க்குப் பட்டமும் பதவியும் பிறந்த தேதியும் உண்டு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ ஊர் பூராவும் சுற்றிவிட்டது. யாரோ ஒரு பிள்ளை அன்றைக்கு வாந்தி எடுத்ததாம். உடனே அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். பயம் காட்டி எதை ஊட்டினாளோ, இத்தனை வருஷமாக என்னத்தைக் கலந்தாளோ என்று கேட்டார்கள். அவள் கையால் சாப்பிட்டுத்தான் அவர்கள் பிள்ளைகள் கொழுகொழுவென்று ஆயின என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

"உனக்கு நெஜமாவே தெரியாதா?" என்று கேட்டான் கணவன்.

"சத்தியமா தெரியாதுங்க. அது வெறும் கதைன்னு நெனச்சேன்."

"அவர் இல்லன்னா இந்த ஊரே இல்ல. உங்க ஆளுங்க வருஷா வருஷம் அறுவடைக்கு வந்து எங்க களத்தக் கொளுத்திட்டுப் போனாங்க. அதை நிறுத்தத்தான் அவர் ஆத்தைத் தாண்டினாரு." அவன் கோபமாகச் சொல்லவில்லை. பழுதான லிஃப்டைப் பற்றிச் சொல்கிற குரலில்தான் சொன்னான்.

அவள் அந்தக் கரையில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டாள். ஒத்தக்கண்ணன் யார் என்று கேட்டாள்.

"பேயி இல்லம்மா, மனுஷந்தான். அவன் ஆளுங்க வீடு வீடா நுழைஞ்சப்ப, ஜனங்க பரண்ல பதுங்கிக் கெடந்தாங்க. பிள்ளைங்க அழுதா சத்தம் கேக்கும்ல? கைக்குக் கெடச்சத வாயில திணிச்சாங்க. சில பிள்ளைங்களுக்கு மூச்சு முட்டிப் போச்சு. திணிச்சது பெத்தவங்கதான்."

"இத ஏம்பா யாரும் எனக்குச் சொல்லல?"

"சொல்லிக் குடுக்கற விஷயமா இது? ஊட்டறப்ப தானா வாயில வந்துடுது, அவ்வளவுதான்."

"நம்ம ஆளுங்க இவங்க களத்தக் கொளுத்தினாங்களாமே?"

"அது வீரம்மா," என்றார் அப்பா. "அது வேற."

போனை வைத்துவிட்டு அவள் சிரித்தாள். அழுகை வராததால்தான் சிரித்தாள். இங்கே ஒருத்தர் கணக்கு, அங்கே ஒருத்தர் கணக்கு. இரண்டிலும் அந்தப் பரண் மேல் பிள்ளைகளுக்கு இடமில்லை.

அவள் இந்த நாட்டில் தங்க வருஷா வருஷம் அனுமதி வாங்க வேண்டும். அந்த அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே இருந்த அதிகாரி அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"உங்க பொண்ணு இங்க பொறந்தவ. அவ எங்கயும் போக முடியாது. நீங்க அவ கூட இருக்கறதா வேண்டாமாங்கறது மட்டும்தான் கேள்வி. எல்லார் முன்னாடியும் அந்தக் குழந்தைகிட்ட நீங்க சொன்னது தப்புன்னு சொல்லிடுங்க. அனுமதிக்கு நானும் எழுதி அனுப்பிடறேன்."

அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தூங்கும்போது மேலே கால் போட்டுக்கொள்கிற பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் ஆற்றைத் தாண்டுவாள்? "சொல்லிடறேங்க," என்றாள்.

காப்பகத்தில் அதே படத்துக்கு முன்னால் அவளை நிறுத்தினார்கள். கேமராக்கள் வந்திருந்தன. சுண்டெலியைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்தார்கள். ஆயாவைக் கண்டதும் அது பழைய ஞாபகத்தில் தாவி மடியில் ஏறப் பார்த்தது. அதன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"கண்ணு, நான் சொன்னது பொய்," என்றாள் அவள். "இவரு ரொம்ப நல்லவரு. பிள்ளைங்கள இவரு ஒண்ணுமே பண்ணல."

கடைசி வார்த்தைகள் கேமராவில் சரியாக விழவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, அனுமதி அதிகாரி கேட்டுக்கொண்டபடி, இன்னொரு தடவை தெளிவாகச் சொன்னாள். பிறகு படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணனிடமிருந்து போன். "அப்பா டிவியில பாத்துட்டாரு. உன் கல்யாண போட்டோவச் சுவத்துலேருந்து கழட்டச் சொல்லிட்டாரு. இந்தப் பக்கம் வந்துடாத. வந்தா கல்லால அடிப்பாங்க. நானே கூட..." அதற்கு மேல் சொல்லாமல் வைத்துவிட்டான்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பெற்ற அப்பாவைக் கைகழுவியாகிவிட்டது. மூச்சு முட்டிச் செத்த அந்தப் பிள்ளைகளையும் இன்னொரு தடவை வாயடைத்தாகிவிட்டது. போகட்டும், மகள் மிஞ்சினாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதில் ஒரு நிம்மதி இருந்தது. வேலை போய்விட்டது, ஆனால் அனுமதி வந்துவிட்டது.

இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அவள் அதைக் கவனித்தாள். மூவரும் சாப்பிட உட்கார்ந்தால், மகள் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். அப்பாவின் தட்டைப் பார்த்தாள். அவன் ஒரு வாய் வைத்து, மென்று, விழுங்கும் வரை அவன் தொண்டையையே பார்த்தாள். அப்புறமும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பித்தாள்.

கணவனும் கவனித்திருந்தான். பிள்ளையை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து, உட்கார்ந்ததும் தானே முதல் வாயை எடுத்துச் சத்தமாக மென்றான். அவ்வளவுதான் அவன் செய்தது.

"அவகிட்ட நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று சமையலறையில் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நீ சோத்துல எதையோ கலக்கறேன்னு ஸ்கூல்ல என்னென்னமோ பேசறாங்க. சின்னப் பிள்ளைதானே, விடு. சாப்பிடறாள்ல?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டது என்று அவனை அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். மகள் காலையிலும் சரியாகச் சாப்பிடவில்லை. முகம் வாடியிருந்தது. தாய் தட்டை வைத்து, சுடச்சுடப் பரிமாறினாள்.

"சாப்பிடுடா தங்கம்."

"அப்பா வரட்டும்."

"அப்பா வர நேரமாகும். பசிக்குதுல்ல?"

"பசிக்குது."

அவள் மகளின் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்தாள். மகளுக்குத் தெரியும்படி மென்றாள், விழுங்கினாள், வாயைத் திறந்தும் காட்டினாள். "பாத்தியா? அம்மா சாப்பிட்டேன். ஒண்ணும் ஆகல பாரு."

மகள் அவளை நன்றாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமோ வெறுப்போ எதுவும் இல்லை. தெரிந்த கணக்கைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்:

"உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நீ அந்த ஊரு."

சொல்லிவிட்டுத் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துக்கொண்டு, அப்பா வருகிறாரா என்று வாசலைப் பார்த்தாள்.