இரண்டுக்கும் முப்பத்தாறு

கண்ணில் படும் எண்களின் இலக்கங்களையெல்லாம் கூட்டிப் பார்ப்பது அனுசுயாவின் பழக்கம். பஸ் டிக்கெட், கரண்ட் பில், எதையும் விடமாட்டாள். அரியமங்கலத்துப் பட்டறையில் அவளுக்குச் சோறு போடுவதும் அதுதான். கொதிகலனுக்குப் போகிற ஒவ்வொரு குழாயிலும் எட்டு இலக்க எண் அடித்திருக்கும். அது எந்த இரும்பு என்று சொல்கிற சான்றிதழிலும் அதே எண் இருக்க வேண்டும். மற்றவர்கள் இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டு மாரடிப்பார்கள். அவளோ இரண்டையும் மனதுக்குள் கூட்டுவாள், தொகை ஒத்துப்போனால் டிக். "அனுசுயாக்கா டிக் போட்டா அப்பீலே இல்ல" என்று பட்டறையே சொல்லும். அந்தப் பெருமைதான் கண்ணை மறைத்தது.

அன்று அவளுக்கு லீவு. ஸ்ரீரங்கம் போகிற பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி, 4571. பதினேழு. அதன் பின்னால் இன்னொன்று, 4517. அதுவும் பதினேழு.

சிரிக்கத்தான் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. இலக்கம் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்! ஆறு வருஷமாக இவளுக்கு மட்டும் உறைக்கவில்லை பாருங்கள்.

நேற்று மாலை அவசரத்தில் ஒரு குழாய்க்கு டிக் போட்டிருந்தாள். குழாய், சான்றிதழ் இரண்டின் போட்டோவும் போனில் இருந்தது. சான்றிதழில் 73185246. குழாயில் 73158246. எட்டும் ஐந்தும் இடம் மாறியிருந்தன. இரண்டுக்கும் முப்பத்தாறு. ஏழு கோடிச் சொச்சத்தில் இருபத்தேழாயிரம் வித்தியாசம். ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிற வித்தியாசம். கூட்டலுக்கு அது தெரியவே தெரியாது.

சான்றிதழில் இருந்தது அதிக அழுத்தம் தாங்கும் உருக்கின் எண்; குழாயில் இருந்ததோ சாதா இரும்பினுடையது. பத்து மணிக்கு அதில் தண்ணீர் ஏற்றி அழுத்தச் சோதனை. பம்ப்பை ஓட்டுகிறவன் அவள் தம்பி அன்புச்செல்வன். மணி பத்து ஆறு.

அடித்தாள். அவன் போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். "ரெங்கநாதா, அவனைக் காப்பாத்து" என்று வாய்விட்டே சொன்னாள். மூன்றாவது தடவை எடுத்தான். பின்னால் பம்ப் இரைந்துகொண்டிருந்தது.

"என்னக்கா? கோயிலுக்குப் போயிட்டியா?"

"பம்ப்ப நிறுத்துடா! அது வேற குழாய்!"

"நீதானே டிக் போட்டிருக்க? பிரஷர் முள்ளு நூத்தித் தொண்ணூறுக்கு வந்துடுச்சு..."

"நான் போட்டது தப்புடா! வெடிச்சிடும், நிறுத்து!"

இரைச்சல் அடங்கியது. அனுசுயா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பிரஷரை இறக்கிட்டேன்க்கா. குழாய் லேசா உப்பியிருக்கு. எனக்கு ஒண்ணும் ஆகல."

அவள் அழுதுவிட்டாள். பக்கத்து சீட்டு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"அட, ஏன்க்கா அழுவுற?" தம்பி தேற்றினான். "பத்துக்கு ஒண்ணைத்தானே நாம சோதிக்கிறோம். மிச்சமெல்லாம் நீ போட்ட டிக்கை நம்பித்தான் போகுது. நாலாயிரம் குழாய் போயிருக்கும். ஒண்ணாவது திரும்பி வந்துச்சா?"

அனுசுயாவின் அழுகை நின்றுபோனது. நாலாயிரம். எந்தெந்த ஊர்க் கொதிகலனில் இருக்கின்றனவோ, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இந்த நேரத்தில் யார் நிற்கிறார்களோ.

"ஆறு வருஷத்து ரிஜிஸ்டரையும் எடுத்து வை," என்று எழுந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸிலிருந்து பாலத்தில் இறங்கினாள்.